சபையில் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளில் பாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சண்டையாகத்தான் தொடங்குகிறது. பாமாலையா (பழைய மொழிபெயர்ப்புப் பாட்டு) கோரஸா (இக்காலச் சிறு பாட்டு), ஆர்கனா டிரம்ஸா, கொயர் என்ற பாடகர் குழு பாடட்டுமா எல்லோரும் பாடட்டுமா என்று கமிட்டிக் கூட்டம் வரைக்கும் போய்விடும். இளைஞர்கள், பெரியவர்கள், கொயரில் இருப்பவர்கள், புதிதாகச் சபைக்கு வந்தவர்கள் என்று பல பேர் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு சபையாருடைய சொத்து, அது அவர்கள் வாயில் இருக்க வேண்டும். மேடையில் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பெஞ்சில் இருப்பவர்கள் வாய் மூடியிருந்தால் அங்கே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

பாட்டே இல்லாமல் ஆராதனை நடத்த முடியாதா?

முடியும், நடத்தியும் இருக்கிறார்கள். குவாக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரில் பலர் மௌனமாக உட்கார்ந்தே ஆராதிப்பார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் திருச்சபைச் சீர்திருத்தம் கொண்டுவந்த சுவிங்கிலி நல்ல சங்கீதக்காரர், பல வாத்தியங்கள் வாசிப்பவர், ஆனால் ஆராதனையிலிருந்து பாட்டை முழுவதுமாக எடுத்துவிட்டார். 1527-இல் அங்கே ஆர்கனையே கழற்றினார்கள். அந்த ஊர்ச் சபையார் மறுபடியும் வாய் திறந்து பாட 1598 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுபது வருஷம்! முடியும் என்பதற்கு இது உதாரணம். நீடிக்கவில்லை என்பதற்கும் இதுவேதான் உதாரணம்.

இயேசு பாடினாரா?

பாடினார். கடைசி இராப்போஜனம் முடிந்ததும் அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதியிருக்கிறார்கள். பஸ்கா இரவில் யூதர்கள் பாடுவது 113 முதல் 118 வரையிலான சங்கீதங்கள், அதனால் அவர்கள் பாடியதும் இவற்றிலிருந்துதான் என்று பெரும்பாலானோர் கருதுகிறார்கள். சிலுவையில் அவர் சொன்ன 'என் தேவனே, என் தேவனே' என்ற வார்த்தையே 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. சாகும் நேரத்தில் வாயில் வந்தது சிறுவயது முதல் பாடிப் பழகிய பாட்டு. இதற்கு மேல் பாட்டின் இடத்தைப் பற்றி எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

தமிழில் இந்தப் பாட்டுகள் எப்படி வந்தன?

கொஞ்சம் நீளமான கதை, ஆனால் இது தெரிந்தால் இன்றைய சண்டைகளில் பாதி புரிந்துவிடும்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஒரு லூத்தரன், அதாவது ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தம் கொண்டுவந்த மார்ட்டின் லூத்தர் வழி வந்தவர். லூத்தரன்களுக்குப் பாட்டு உயிர். அவர்களுடைய முதல் பாட்டுப் புத்தகம் 1524-இல் வந்தது, அதில் எட்டே பாட்டுகள். ஆக இங்கே புதிய ஏற்பாடு அச்சான காலத்திலேயே ஜெர்மன் பாட்டுகளும் தமிழுக்கு வந்துவிட்டன. அதே நூற்றாண்டில் பப்ரிசியஸ் என்ற இன்னொரு ஜெர்மன் மிஷனரி இன்னும் பல பாட்டுகளை நன்றாகவே தமிழாக்கினார். இவைதான் ஞானப்பாட்டுகள். வார்த்தை தமிழ், மெட்டு ஜெர்மனி.

அப்புறம்தான் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் வருகிறார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் (சபைகளில் போதகரை ஐயர் என்பார்கள்) வளர்ந்தவர், பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அவரும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். அந்தக் காலத்தில் கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிப் பாடிய குறவஞ்சி வடிவத்தை எடுத்து அவர் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். கதாகாலட்சேபம் போலப் பாட்டும் பேச்சுமாக ஊர் ஊராகச் சுவிசேஷம் சொன்னார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போகிற கீர்த்தனை, தமிழ்ச் சபைக்குள் உரிமையோடு உட்கார்ந்தது இவரால்தான்.

ஆனால் எளிதாக உட்காரவில்லை. 1820-களில் தஞ்சைக்கு வந்த இளம் மிஷனரிகள் பலதையும் மாற்றினார்கள். சாஸ்திரியார் அவர்கள் மேல் வைத்த குற்றச்சாட்டுகள் நான்கு: வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், சாதிகளைக் கலந்து உட்காரச் சொல்கிறார்கள், பூ பயன்படுத்துவதைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டை ஆராதனையில் விடமாட்டேன் என்கிறார்கள். இந்தப் பட்டியலை இரண்டு முறை படியுங்கள். பாட்டு விஷயத்தில் அவர் பக்கம் முழு நியாயம். சாதி விஷயத்தில் மிஷனரிகள் பக்கம் முழு நியாயம். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. கீர்த்தனையைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்கள் பாதிக் கதை சொல்கிறார்கள்.

கடைசியில் பாட்டு ஜெயித்தது. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், ஜனங்கள் எதை வாய்விட்டுப் பாடுகிறார்கள் என்று கவனித்து, சாஸ்திரியாரிடமே பாட்டுகள் வாங்கி 1853-இல் ஒரு கீர்த்தனைப் புத்தகத்தை வெளியிட்டார். பிறகு நாகர்கோவில் ஜான் பால்மர், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் என்று பலர் அந்தப் புத்தக வரிசையைப் பெரிதாக்கினார்கள். ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். தமிழிசை ஆராய்ச்சிக்காக 1917-இல் கருணாமிர்த சாகரம் எழுதியவர் என்றுதான் பலருக்குத் தெரியும், அவர் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதியது பலருக்குத் தெரிவதில்லை.

கத்தோலிக்கர்களும் இப்படித்தானா?

அவர்கள் பாதை வேறு. வீரமாமுனிவர் போன்றவர்கள் தமிழில் பெரிய இலக்கியமே செய்தார்கள், ஆனால் பூசைப் பாட்டு லத்தீனில் இருந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்குக் கதவு திறந்த பிறகுதான் திருப்பலிக்குள் தமிழ்ப் பாட்டு பெருகியது. பூசைக்கு வெளியே நிலைமை வேறு. இலங்கையில் ஊழியம் செய்த கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை இன்றும் தவக்காலத்தில் ராகம் போட்டு வாசிப்பார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு அழுவார்கள். அதைக் கேட்காதவர்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் என்ன வித்தியாசம்?

பாமாலை என்பது பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்தும் ஜெர்மனிலிருந்தும் வந்த பாட்டுகளின் தொகுப்பு. ஒவ்வொரு அடிக்கும் இத்தனை அசை என்று கணக்கு இருக்கும், அந்தக் கணக்கு ஒத்துப்போனால் ஒரு பாட்டை இன்னொரு பாட்டின் மெட்டில் பாடிவிடலாம். நான்கு குரல் பிரித்துப் பாடலாம். கீர்த்தனையில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சடித்திருக்கும், சங்கராபரணம், ஆதி என்பது போல. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவோம்.

நடைமுறையில் அந்த ராகத்தை அப்படியே யாரும் பாடுவதில்லை. ஊருக்கு ஊர் மெட்டு கொஞ்சம் மாறும். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் ஒரு மாதிரி இழுப்பார்கள், மதுரைப் பக்கம் வேறு மாதிரி. இது குறை என்று சங்கீதம் படித்தவர்கள் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருநூறு வருஷம் ஜனங்கள் வாயில் புழங்கிய பாட்டு மழுங்கத்தான் செய்யும்.

பாமாலை வெள்ளைக்காரர்கள் பாட்டு. விட்டுவிடலாமா?

மெட்டுக்கும் தமிழுக்கும் பொருந்தாத இடங்கள் இருப்பது உண்மை. ஆங்கில மெட்டில் அழுத்தம் விழுகிற இடத்தில் தமிழில் ஒரு குறில் வந்து மாட்டிக்கொள்ளும், அதை நெடிலாக இழுத்துப் பாட வேண்டியிருக்கும், வார்த்தையே அடையாளம் தெரியாமல் போகும். இப்படிப்பட்ட பாட்டுகளைத் தாராளமாக விடலாம். ஆனால் உங்கள் பாட்டி பார்வை போன பிறகும் புத்தகமில்லாமல் ஆறு சரணமும் பாடுகிறார் என்றால், அந்தப் பாட்டு எங்கே பிறந்தது என்ற விசாரணை முடிந்துவிட்டது. அது இப்போது பாட்டியுடைய பாட்டு.

கர்நாடக ராகத்தில் பாடினால் அது எல்லோருக்கும் பொதுவான தமிழ்ப் பாட்டாகிவிடுமா?

இல்லை. இந்தக் கேள்வியைத் தைரியமாகக் கேட்டவர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர், பரட்டை என்ற பெயரில் எழுதியவர். தமிழ்ச் சபைகளில் பெரும்பான்மை யார்? வயலிலும் கடலிலும் வேலை செய்த ஒடுக்கப்பட்ட ஜனங்கள். அவர்கள் நாற்று நடும்போதும் பிள்ளையைத் தூங்கப்பண்ணும்போதும் பாடிய மெட்டுகள் சபைக்குள் வரவில்லை. கீர்த்தனை வந்தது, பாமாலை வந்தது, தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் வாசலிலேயே நின்றன. அப்பாவு இந்த மெட்டுகளில் ஒரு முழு ஆராதனை முறைமையையே அமைத்தார்.

அவருடைய வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இது: நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வரியைச் சேர்க்கலாம், தன் ஊர்க் கஷ்டத்தை உள்ளே வைக்கலாம், யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். ராகம் தெரிந்தவர், நொட்டேஷன் தெரிந்தவர் என்று ஒரு வாத்தியார் நடுவில் வேண்டியதில்லை.

பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்களானபோது பல ஊர்களில் ஜனங்கள் பறையைக் கீழே வைத்தார்கள். சாவு வீட்டில் அடிக்கும்படி அவர்கள் மேல் சுமத்தப்பட்ட தொழில் அது, அதைக் கீழே வைத்தது விடுதலை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே பறையை அறுப்பின் பண்டிகைக்குத் தாங்களாகவே எடுத்து வருகிறார்கள், அதுவும் விடுதலைதான். இதைப் பார்த்து ‘சபைக்குள்ளே இதெல்லாமா’ என்று முகம் சுளிக்கிறவர்கள், தங்களுக்கு உறுத்துவது சத்தமா அல்லது வேறு ஏதாவதா என்று யோசிக்க வேண்டும். மிருதங்கத்திலும் தோல்தான் இருக்கிறது.

சினிமா மெட்டு மாதிரி இருக்கிற பாட்டுகளைப் பாடலாமா? லூத்தரே மதுக்கடைப் பாட்டு மெட்டைத்தானே எடுத்தார்?

லூத்தர் மதுக்கடை மெட்டை எடுத்தார் என்பது கன்வென்ஷன் பிரசங்கங்களில் அடிக்கடி வருகிற ஒன்று, அதற்கு ஆதாரம் கிடையாது. அவருடைய மெட்டுகள் பெரும்பாலும் பழைய தேவாலய மெட்டுகளிலிருந்து வந்தவை, அல்லது புதிதாகப் போட்டவை. ஒரு கிறிஸ்மஸ் பாட்டை முதலில் நாட்டார் மெட்டில் வெளியிட்டார், சில வருஷத்தில் அதையும் வேறு மெட்டுக்கு மாற்றிவிட்டார்.

சரி, சினிமா மெட்டு? காலத்தில் புழங்குகிற இசையைச் சபை எடுத்துக்கொள்வது புதிதல்ல, சாஸ்திரியாருடைய குறவஞ்சியே அப்படி வந்ததுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட சினிமாப் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து வார்த்தையை மட்டும் மாற்றுவதை நான் எதிர்க்கிறேன். முதல் காரணம், அது இன்னொருவர் உழைப்பு. இரண்டாவது, பாடும்போது மனதில் ஓடுவது அந்தப் படத்தின் காட்சி. கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸில் பிள்ளைகள் இப்படிப் பாடி எல்லோரும் சிரித்துக் கைதட்டுவார்கள், அந்தக் கைதட்டல் எதற்கு விழுகிறது என்று பார்த்தாலே போதும்.

ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்களே?

136-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். 26 வசனங்கள், 26 முறையும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’. ஆக திரும்பச் சொல்வதில் தவறில்லை. அந்தச் சங்கீதத்தில் ஒவ்வொரு முறையும் அந்த வரிக்கு முன்னால் ஒரு புதுச் செய்தி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: வானம், சூரியன், எகிப்து, செங்கடல், வனாந்தரம். காரணம் சொல்லிச் சொல்லித் துதிக்கிறார்கள். இருபது நிமிஷம் ஒரு வரியும் கீபோர்டும் மட்டும் ஓடினால் கொஞ்ச நேரத்தில் யாரைத் துதிக்கிறோம், ஏன் துதிக்கிறோம் என்பதே மங்கிவிடும்.

எங்கள் சபையில் யாரும் பாடுவதே இல்லை. கொயரும் வர்ஷிப் டீமும் மட்டும் பாடுகிறார்கள். என்ன செய்யலாம்?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். ‘ஜனங்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது’ என்று ஐயர் பீடத்திலிருந்து கடிந்துகொள்வதற்கு முன்னால் சில விஷயங்களைச் சரிபார்க்கலாம்.

முதலில் சுருதி. பாட்டை நடத்துகிறவர் உச்சக் குரலில் பாடக்கூடியவராக இருப்பார், ரெக்கார்டிங்கில் இருக்கிற ஸ்கேலிலேயே வாசிக்கச் சொல்வார். சபையில் இருக்கிற ஐம்பது வயது ஆண் அந்த இடத்துக்கு எட்ட முடியாது. இரண்டு ஞாயிறு முயற்சி செய்வார், தொண்டை கட்டும், மூன்றாவது ஞாயிறு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பாட்டின் உச்ச ஸ்வரம் கீபோர்டில் நடு சி-க்கு அடுத்த மேல் சி வரை இருக்கட்டும், மிஞ்சினால் டி. அதற்கு மேல் போகிற பாட்டென்றால் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு மூன்று முறை கீழே அழுத்துங்கள். ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது சத்தம். தன் குரல் தன் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர் குரல் தனக்கும் கேட்டால்தான் மனிதன் பாடுவான். பிரதான ஸ்பீக்கர் அதை மூழ்கடித்துவிட்டால் தான் பாடினாலும் ஒன்றுதான், பாடாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடுகிறது. ஒரு ஞாயிறு கடைசிச் சரணத்துக்கு எல்லா வாத்தியத்தையும் நிறுத்தி, மைக்கையும் அணைத்துப் பாருங்கள். முதலில் தயக்கமாக இருக்கும், இரண்டாவது வரியில் பின்வரிசையிலிருந்து ஒரு கட்டைக்குரல் ஏறி வரும், அப்புறம் கட்டடமே பாடும். இதைச் செய்து பார்த்த சபைகள் பழையபடி போக விரும்புவதில்லை.

புதுப் பாட்டு வாரத்துக்கு மூன்று என்று கொடுத்தால் யாருக்கும் எதுவும் மனப்பாடமாகாது. மாதத்துக்கு ஒன்று போதும், அதை நாலு வாரமும் பாடுங்கள். கொயர் தனியாகப் பாடுவதற்கு நான் விரோதி இல்லை, பெரிய வெள்ளியன்று நன்றாகப் பயிற்சி எடுத்த ஒரு கொயர் பாடும்போது கேட்டுக்கொண்டிருப்பதும் ஆராதனைதான். ஆனால் அது விருந்துச் சாப்பாடு, தினச் சாப்பாட்டைச் சபையார் தாங்களே சமைக்க வேண்டும்.

பாடும்போது அழுகை வருகிறது. அது பரிசுத்த ஆவியானவரா, வெறும் இசையின் வேலையா?

இந்தக் குழப்பம் பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்தீனுக்கே இருந்தது. மிலான் சபையில் பாட்டைக் கேட்டு அவர் அழுதிருக்கிறார். பிறகு, பாட்டின் பொருளைவிட ராகம் தன்னை அதிகம் அசைக்கிறதோ என்று பயந்து, பாட்டையே எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். அந்தக் கண்ணீர் நினைவுக்கு வந்ததும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். ‘பாடுகிறவன் இரண்டு முறை ஜெபிக்கிறான்’ என்பதை அவர் சொன்னதாகப் போஸ்டர்களில் போடுகிறார்களே, அந்த வாக்கியம் அப்படியே அவர் எழுத்தில் இல்லை. இந்தத் தடுமாற்றம்தான் உண்மையில் அவருடையது, எனக்கு அதுதான் அதிகம் உதவுகிறது.

என் பதில்: இரண்டையும் பிரிக்க வேண்டாம், காதையும் கண்ணீரையும் படைத்தவர் தேவன்தான். ஆனால் கண்ணீரை அளவுகோலாக வைக்காதீர்கள். கீபோர்டில் பேட் என்கிற, நீளமாக இழுபடும் மெல்லிய பின்னணி ஒலியை ஓடவிட்டால் எந்தக் கூட்டத்தையும் உருகவைக்கலாம், வாசிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆமோஸ் புத்தகத்தில் ‘உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று’ என்று கர்த்தர் சொல்வது ஏழையை மிதித்துக்கொண்டே பாடிய ஜனத்தைப் பார்த்து. பாட்டு முடிந்து வெளியே போய், வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குச் சம்பளத்தைச் சரியாகக் கொடுக்கிறோமா என்பது நல்ல அளவுகோல்.

சந்தோஷப் பாட்டுதான் பாட வேண்டுமா? துக்கத்தில் இருக்கிறேன், பாட முடியவில்லை.

சங்கீதப் புத்தகத்தில் இருக்கிற 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட வெளிச்சம் இல்லை, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். நாம் இப்போது எழுதுகிற பாட்டுகளில் இந்தப் பகுதி கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. எல்லாம் ஜெயம், ஆசீர்வாதம், உயர்வு. பரீட்சையில் தோற்ற பிள்ளையும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் ஞாயிற்றுக்கிழமை எதைப் பாடுவார்கள்?

பழைய சபைகளின் துக்கவீட்டைப் பாருங்கள். சரீரம் நடு வீட்டில் இருக்கும். உபதேசியார் (ஊர்ச் சபையைக் கவனிக்கிற ஊழியர்) வந்து உட்கார்ந்து, எந்த வாத்தியமும் இல்லாமல் ஒரு கீர்த்தனையைத் தாழ்ந்த குரலில் எடுப்பார். சுவரோரம் உட்கார்ந்திருக்கிற பெண்கள் பல்லவியில் சேர்ந்துகொள்வார்கள். நடுவில் யாராவது சொந்தக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கி அலறிக்கொண்டு உள்ளே வருவார், பாட்டு நிற்காது, கொஞ்சம் தணியும், அந்த அழுகைக்கு இடம் கொடுக்கும், மறுபடி எழும்பும். வீட்டுக்காரர்கள் பாடமாட்டார்கள், அவர்களால் முடியாது. அவர்களுக்காக மற்றவர்கள் பாடுகிறார்கள். உங்களுக்குப் பாட முடியவில்லை என்றால் பாட வேண்டாம், வந்து உட்காருங்கள், சபை உங்களுக்காகப் பாடும். அதற்குத்தான் சபை இருக்கிறது.

எனக்குச் சுருதியே சேராது. வாயசைத்தால் போதுமா?

பாடுங்கள். ‘கர்த்தரைக் கெம்பீரமாய்ப் பாடுங்கள்’ என்ற கட்டளையில் குரல் தேர்வு இல்லை. கொயரில் சேர வேண்டாம், அவ்வளவுதான்.

ஒரு பாட்டின் வார்த்தை வேதத்துக்கு ஒத்துவரவில்லை என்று தோன்றினால்?

இதை லேசாக விடாதீர்கள். பிரசங்கம் திங்கட்கிழமை மறந்துவிடும், பாட்டு இருபது வருஷம் நிற்கும். கொலோசெயர் 3:16-இல் பவுல் பாட்டின் மூலமாக ஒருவருக்கொருவர் போதித்து புத்திசொல்லச் சொல்கிறார், அப்படியென்றால் பாட்டும் போதனைதான். கடவுளுக்குக் கொடுத்தால் திரும்ப இரண்டு மடங்கு கிடைக்கும் என்று ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தால், எத்தனை பிரசங்கம் வைத்தாலும் அதை அழிக்க முடியாது. பாட்டைத் தேர்வு செய்கிற பொறுப்பைக் கீபோர்டு வாசிக்கிற தம்பி தலையில் மட்டும் கட்டிவிட்டு ஐயர் ஒதுங்கக் கூடாது. சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்து வரிகளை ஒருமுறை மெட்டில்லாமல் வாசித்துப் பார்க்கட்டும். மெட்டில்லாமல் வாசித்தால் பல பாட்டுகள் அங்கேயே நின்றுவிடும்.

பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கலாம்?

விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஆக்ஷன் பாட்டு இருக்கட்டும், அவர்கள் குதிக்க வேண்டிய வயது அது. அதோடு சண்டே ஸ்கூலில் வருஷத்துக்கு நாலு கீர்த்தனை, இரண்டு பாமாலை, ஒரு சங்கீதம் என்று முழுதாக, எல்லாச் சரணமும், புத்தகம் பார்க்காமல் பாடப் பழக்குங்கள். வீட்டு ஜெபத்தில் ஒரு பாட்டாவது போனை அணைத்துவிட்டுப் பாடுங்கள், யூடியூபை ஓடவிட்டுப் பின்னால் முணுமுணுப்பது பாடுவதாகாது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்கு மட்டும் தெரிந்த, புத்தகத்தில் இல்லாத பாட்டுகள் இருக்கும், மார்கழி அதிகாலையில் பஜனைக்குப் போகும்போது பாடியவை, ஊர் உபதேசியார் கட்டியவை. போனில் பதிவு செய்து வையுங்கள், வார்த்தையை எழுதி, யார் சொன்னது, எந்த ஊர் என்றும் குறித்து வையுங்கள். இந்த வேலையை அடுத்த பண்டிகைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே செய்யுங்கள்.